உயிரியல் படிக்க எவ்வளவு வேதியியல் தெரிந்திருக்க வேண்டும்?

#1 கிருஷ்ணகிரிக்காரி

எல்லோருக்கும் வணக்கம். பெங்களூர் மடிவாளாவில் பிஜி விடுதியில் தங்கி பிஎஸ்சி பயோடெக் முதலாண்டு படிக்கிறேன். ப்ளஸ் டூ வரை தமிழ் வழி. உயிரியல் என்றால் எனக்கு உயிர். வேதியியலை மட்டும் மனப்பாடம் செய்தே கரையேறினேன். இங்கே வந்து பார்த்தால் உயிரியல் பாடத்தின் முதல் பகுதியே அணு, பிணைப்பு, பிஎச், மோல் என்று ஆரம்பிக்கிறது. "இதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததுதானே" என்று வகுப்பில் ஓட்டிவிட்டார்கள். பக்கத்தில் இருக்கும் பிள்ளைகள் தலையாட்டினார்கள், நானும் ஆட்டி வைத்தேன்.

ப்ளஸ் டூ வேதியியலை முதலிலிருந்து மறுபடி படிக்க நேரமில்லை. எதைப் படித்தால் போதும், எதைத் தைரியமாக விடலாம்? தனியாக இரண்டு சந்தேகமும் இருக்கிறது. கிராம் என்று ஒன்று இருக்கும்போது மோல் எதற்கு? அப்புறம், செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் கொடுக்கும் மூலக்கூறான ஏடிபி. "ஏடிபியில் பாஸ்பேட் பிணைப்பு உடைந்து ஆற்றல் வெளிவருகிறது" என்கிறார் உயிரியல் மேடம். பிணைப்பை உடைக்க ஆற்றல் கொடுக்க வேண்டும் என்று வேதியியலில் படித்த ஞாபகம். இரண்டில் எது சரி?

#2 வைட்ஃபீல்ட் வாசு

வாம்மா. நான் கம்ப்யூட்டர் ஆள், பதில் சொல்லும் தகுதி இல்லை. ஆனால் கடைசிக் கேள்வியைப் பார்த்ததும் பாப்கார்னோடு உட்கார்ந்துவிட்டேன். ஜாலஹள்ளி சார் வருவார் பாருங்கள்.

#3 ஜாலஹள்ளி வாத்தியார்

வந்துவிட்டேன். ஏடிபியைக் கடைசியில் வைத்துக்கொள்வோம், அதற்கு அடித்தளம் வேண்டும்.

முதலில் எதை விடலாம் என்று சொல்கிறேன். உலோகவியல், டி-தொகுதி, அணைவுச் சேர்மங்களுக்குப் பெயரிடும் விதிகள், திண்ம நிலையில் வரும் கனசதுரக் கணக்குகள் எதுவும் முதலாண்டு உயிரியலுக்கு வேண்டாம். ஹீமோகுளோபின் வரும்போது இரும்பை மட்டும் தனியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

தனிம வரிசை அட்டவணையில் உங்களுக்கு முக்கியமானவை ஆறு பெட்டிகள்: கார்பன், ஹைட்ரஜன், நைட்ரஜன், ஆக்சிஜன், பாஸ்பரஸ், கந்தகம். உடல் எடையில் ஆக்சிஜன் சுமார் 65 சதவீதம், கார்பன் 18, ஹைட்ரஜன் 10, நைட்ரஜன் 3. இவற்றோடு சோடியம், பொட்டாசியம், கால்சியம், மெக்னீசியம், குளோரைடு என்று ஓர் அயனிக் கூட்டம். எந்தத் தனிமம் எந்த மூலக்கூறில் இருக்கிறது என்பது தெரிந்தாலே பெரிய சோதனைகள் புரிந்துவிடும். 1952-இல் ஹெர்ஷேயும் சேஸும் மரபுப் பொருள் புரதமா டிஎன்ஏவா என்று பார்த்தார்களே, அதன் சூட்சுமம் முழுக்க இதுதான். டிஎன்ஏவில் பாஸ்பரஸ் உண்டு, கந்தகம் கிடையாது. புரதத்தில் சிஸ்டீன், மெத்தியோனின் வழியாகக் கந்தகம் உண்டு. கதிரியக்கப் பாஸ்பரஸால் ஒன்றையும் கதிரியக்கக் கந்தகத்தால் மற்றதையும் குறியிட்டு, எது பாக்டீரியாவுக்குள் போகிறது என்று பார்த்தார்கள். பாஸ்பரஸ் போனது.

இனி விடவே கூடாத விஷயம்: ஒரு பிணைப்பில் எலக்ட்ரான் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்பது. எலக்ட்ரான் கவர்திறன் அட்டவணையிலிருந்து நான்கு எண்கள் போதும். ஆக்சிஜன் 3.44, நைட்ரஜன் 3.04, கார்பன் 2.55, ஹைட்ரஜன் 2.20. கார்பனும் ஹைட்ரஜனும் ஏறக்குறைய சமம், அதனால் அவற்றுக்கிடையே எலக்ட்ரான் நடுவில் நிற்கும். ஆக்சிஜனோ நைட்ரஜனோ ஹைட்ரஜனோடு சேர்ந்தால் எலக்ட்ரானைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஹைட்ரஜன் கொஞ்சம் நேர்மின்னாகிவிடும். தண்ணீர் ஏன் முனைவுற்றது, எண்ணெய் ஏன் அதில் கரையாது, சர்க்கரை ஏன் கரைகிறது, செல் சவ்வு எப்படித் தானாக அமைகிறது, எல்லாம் இந்த ஒரு சாய்விலிருந்து வருகிறது.

அடுத்தது, வலுவான பிணைப்பு எது, மெலிந்த பிணைப்பு எது என்ற தெளிவு. சகப்பிணைப்பை (இரண்டு அணுக்கள் எலக்ட்ரானைப் பகிர்ந்துகொள்வது) உடைக்க ஒரு மோலுக்கு 350, 460 கிலோஜூல் என்ற அளவில் ஆற்றல் வேண்டும். ஹைட்ரஜன் பிணைப்புக்கு சுமார் 20 போதும். டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள், கொரோனாவுக்குப் பிறகு அந்தப் பெயர் எல்லோருக்கும் தெரியும். அதில் முதல் படி, மாதிரியை 95 டிகிரிக்குச் சூடாக்குவது. டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் பிரிந்துவிடும், ஆனால் ஒவ்வோர் இழையும் அறுபடாமல் அப்படியே இருக்கும். குறுக்கே இருப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள் (அடினின்-தைமினுக்கு இரண்டு, குவானின்-சைட்டோசினுக்கு மூன்று), நெடுக ஓடுவது சகப்பிணைப்பு. இந்த வித்தியாசம் இல்லையென்றால் பிசிஆர் என்று ஒன்று இருக்க முடியாது, செல்லுக்குள் டிஎன்ஏ நகலெடுப்பும் நடக்காது.

பள்ளியில் சகப்பிணைப்புக்கும் அயனிப்பிணைப்புக்கும் பக்கம் பக்கமாக ஒதுக்குகிறோம், ஹைட்ரஜன் பிணைப்புக்கு அரைப்பக்கம். உயிரியலுக்கு அது தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். நொதி ஒரு பொருளைப் பிடிக்கவும் வேண்டும், வேலை முடிந்ததும் விடவும் வேண்டும். மெலிந்த பிணைப்பால்தான் அது முடியும்.

சரி, ஒரு கேள்வி கேட்கிறேன். தண்ணீர் கொதித்து ஆவியாகும்போது எந்தப் பிணைப்பு உடைகிறது?

#4 கிருஷ்ணகிரிக்காரி

சார், இவ்வளவு பொறுமையாக எழுதியதற்கு நன்றி. ஹைட்ரஜன் பிணைப்பு என்றுதான் சொல்லத் தோன்றுகிறது. ஆனால் தண்ணீருக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்திருப்பதுதானே ஹைட்ரஜன் பிணைப்பு? அது உடைந்தால் தண்ணீர் தண்ணீராக எப்படி இருக்கும்? அங்கேதான் குழம்புகிறேன்.

#5 ஜாலஹள்ளி வாத்தியார்

இந்தக் குழப்பம் பாதி வகுப்புக்கு இருக்கும், வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. ஒரு தண்ணீர் மூலக்கூறுக்குள் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் கட்டி வைத்திருப்பது சகப்பிணைப்பு. ஹைட்ரஜன் பிணைப்பு என்பது ஒரு மூலக்கூறின் நேர்மின் சாய்ந்த ஹைட்ரஜனுக்கும் பக்கத்து மூலக்கூறின் எதிர்மின் சாய்ந்த ஆக்சிஜனுக்கும் இடையே உள்ள ஈர்ப்பு. படம் போடும்போது முன்னதற்கு முழுக்கோடு, பின்னதற்குப் புள்ளிக்கோடு.

கொதிக்கும்போது போவது புள்ளிக்கோடுகள் மட்டும். முழுக்கோடு உடைந்தால் குக்கரிலிருந்து நீராவிக்குப் பதில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் வரும். அடுப்பு எரிகிற சமையலறையில் அந்தக் கலவை வந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

#6 அல்சூர் சுந்தரி

தங்கச்சி, நான் ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறேன். மோல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன். புத்தகத்தை மூடிவிட்டு மெடிக்கல் ஷாப்பில், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓஆர்எஸ் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். "டபிள்யூஹெச்ஓ ஃபார்முலா" என்று போட்ட தூள்தான் வேண்டும். (அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானம் வேறு. ஓஆர்எஸ் என்ற பெயரை அவற்றுக்கு வைக்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ 2025 அக்டோபரில் சொல்லிவிட்டது, நல்ல காரியம்.)

பின்பக்கம் ஒரு லிட்டருக்கான அளவு இருக்கும். சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், சோடியம் சிட்ரேட் 2.9 கிராம். கிராமில் பார்த்தால் உப்பைவிடக் குளுக்கோஸ் ஐந்து மடங்கு. ஏதோ ருசிக்குக் கொட்டியது போலத் தெரியும்.

இப்போது மோலுக்கு மாற்றுங்கள். குளுக்கோஸின் மூலக்கூறு எடை 180. 13.5-ஐ 180-ஆல் வகுத்தால் 0.075 மோல், அதாவது 75 மில்லிமோல். சோடியம் குளோரைடு 58.44. அதிலிருந்து 44.5 மில்லிமோல் சோடியம் கிடைக்கிறது. மீதி சோடியம் சிட்ரேட்டிலிருந்து வருகிறது. அதன் மூலக்கூறு எடை (இரண்டு நீர் மூலக்கூறுகளோடு) 294, ஒவ்வொன்றிலும் மூன்று சோடியம். அந்தக் கணக்கை நீங்களே போட்டு, மொத்த சோடியம் எவ்வளவு என்று எழுதுங்கள்.

#7 கிருஷ்ணகிரிக்காரி

அக்கா, போட்டேன். 2.9-ஐ 294-ஆல் வகுத்தால் 9.86 மில்லிமோல் சிட்ரேட். மூன்றால் பெருக்கினால் 29.6. அதோடு 44.5 கூட்டினால் 74.1. குளுக்கோஸ் 75, சோடியம் 74! இரண்டும் சமமாக வருகிறதே, தற்செயலா?

#8 அல்சூர் சுந்தரி

தற்செயல் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் இரண்டுக்கும் 75 என்றே போட்டிருக்கும். சிறுகுடல் சுவரில் ஒரு கடத்திப் புரதம் இருக்கிறது. அது சோடியத்தையும் குளுக்கோஸையும் சேர்த்துத்தான் உள்ளே எடுக்கும், பின்னாலேயே தண்ணீர் போகும். வெறும் உப்புத் தண்ணீர் கொடுத்தால் வயிற்றுப்போக்கு நேரத்தில் சரியாக உறிஞ்சாது. கடத்திப் புரதம் மூலக்கூறுகளை எண்ணித்தான் எடுக்கிறது, எடை போட்டு இல்லை. மோல் என்பது அந்த எண்ணிக்கைதான். 6.022 × 10²³ என்ற பெரிய எண்ணைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை, அது கிராமிலிருந்து எண்ணிக்கைக்குப் போக ஒரு வழி.

எல்லாத் துகள்களையும் கூட்டிப் பாருங்கள். சோடியம் 75, குளோரைடு 65, குளுக்கோஸ் 75, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10. மொத்தம் 245. இரத்தத்தில் இந்த எண் 285-ஐ ஒட்டி இருக்கும். கரைசல் கொஞ்சம் நீர்த்திருப்பதால் தண்ணீர் குடலிலிருந்து உடலுக்குள் போக வசதி. பழைய ஓஆர்எஸ்ஸில் 311 இருந்தது, 2002-இல் குறைத்தார்கள். சவ்வூடுபரவல் பாடத்தையும் இதிலேயே முடித்துவிடலாம்.

1971-இல் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, மேற்கு வங்கத்தின் பங்காவுனில் சலைன் பாட்டில் தீர்ந்துபோன நிலையில், டாக்டர் திலீப் மஹலனாபிஸ் இந்த மாதிரிக் கரைசலை வாய்வழியாகக் கொடுத்துத்தான் அத்தனை பேரைக் காப்பாற்றினார்.

இன்னொன்று. எங்கள் லேபில் சர்க்கரை அளவை 90 மில்லிகிராம் என்று ஒரு டெசிலிட்டருக்குக் கொடுக்கிறோம். வெளிநாட்டு ரிப்போர்ட் ஒன்றில் 5 மில்லிமோல் என்று பார்த்துவிட்டுப் பதறிப்போய் வருபவர்கள் உண்டு. 90-ஐ 18-ஆல் வகுத்தால் 5. இரண்டும் ஒன்றுதான்.

#9 வைட்ஃபீல்ட் வாசு

பாப்கார்ன் தீர்வதற்குள் எனக்கே மோல் புரிந்துவிட்டது, பத்தாம் வகுப்பில் யாராவது இப்படிச் சொல்லியிருக்கலாம். நானும் ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். எங்கள் அபார்ட்மெண்டில் காவிரி இணைப்பு இல்லை, போர்வெல்லும் டேங்கரும்தான். கீசர் காயிலில் விரல் தடிமனுக்கு வெள்ளையாகப் படிகிறது. பிளம்பர் வினிகர் ஊற்றினார், பொங்கிக் கரைந்தது. இது உங்கள் பாடத்தில் எங்கே வருகிறது?

#10 ஜாலஹள்ளி வாத்தியார்

நேராகப் பிஎச் பாடத்தில் வருகிறது. ஹைட்ரஜன் அயனி கூடினால் பிஎச் இறங்கும், குறைந்தால் ஏறும். நிலத்தடி நீரில் கால்சியம் பைகார்பனேட் கரைந்திருக்கும். சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறிக் கால்சியம் கார்பனேட் படியும். அதுதான் உங்கள் வெள்ளைப் படிவு. வினிகரின் ஹைட்ரஜன் அயனி அதன்மேல் பட்டால் கார்பனேட் மறுபடி கார்பன் டை ஆக்சைடாகப் பொங்கிப் போகும். ஹைட்ரஜன் அயனி கூடினால் ஒரு திசை, குறைந்தால் எதிர்த் திசை. இதே கார்பன் டை ஆக்சைடும் பைகார்பனேட்டும்தான் உங்கள் இரத்தத்திலும் ஓடுகின்றன. மேற்கொண்டு சுந்தரியம்மா சொல்லட்டும், அது அவர் ராஜ்ஜியம்.

#11 அல்சூர் சுந்தரி

ஐசியூவிலிருந்து தமனி இரத்தம் சிரிஞ்சில் வரும். வந்ததும் நான் முதலில் பார்ப்பது உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறதா என்று. எடுத்தவரே உடனே குமிழியைத் தள்ளிவிட்டு மூடி போட்டு அனுப்ப வேண்டும். ஏன் தெரியுமா? காற்றில் கார்பன் டை ஆக்சைடு ரொம்பக் குறைவு, அதனால் இரத்தத்தில் இருப்பது குமிழிக்குள் போய்விடும். கார்பன் டை ஆக்சைடு போனால் ஹைட்ரஜன் அயனியும் அதோடு குறையும். கருவியில் பிஎச் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும், நோயாளிக்கு இல்லாத ஒரு கோளாறு காகிதத்தில் வந்துவிடும். மாதிரியை ரொம்ப நேரம் சும்மா வைத்திருந்தால் நடப்பது எதிர்மாறு. இரத்த செல்கள் உயிரோடு இருக்கின்றன, குளுக்கோஸை எரித்து அமிலம் சேர்த்துக்கொண்டே இருக்கும், பிஎச் இறங்கும்.

சரியான அளவு 7.35 முதல் 7.45. இவ்வளவுதானா வித்தியாசம் என்று தோன்றும். பிஎச் மடக்கை அளவுகோல் என்பதை மறக்கக்கூடாது. 7.4-இல் ஒரு லிட்டர் இரத்தத்தில் ஹைட்ரஜன் அயனி 40 நானோமோல். 7.1-க்கு இறங்கினால் 80-ஐ ஒட்டி வந்துவிடும், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பார்வைக்கு 0.3தான் இறங்கியிருக்கும்.

பைகார்பனேட் தாங்கல் கரைசலாக வேலை செய்கிறது: கூடுதல் ஹைட்ரஜன் அயனி வந்தால் பைகார்பனேட் பிடித்துக்கொள்ளும், அது கார்பன் டை ஆக்சைடாகி நுரையீரல் வழியே வெளியே போகும். நீரிழிவு முற்றி இரத்தம் அமிலமானவர்கள் ஆழமாக, வேகமாக மூச்சு விடுவதைப் பார்த்தால் இந்தச் சமன்பாடு கண்முன்னே நடப்பது தெரியும்.

#12 கிருஷ்ணகிரிக்காரி

அக்கா, 40 நானோமோல் என்பது ரொம்ப ரொம்பச் சின்ன எண் அல்லவா? இத்துனூண்டு அயனிக்கு உடம்பு ஏன் இவ்வளவு அலட்டிக்கொள்கிறது?

#13 நொதிப்பித்தன்

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இந்தக் கேள்விக்காக உள்ளே வருகிறேன். (பயோகெமிஸ்ட்ரியில் பிஎச்டி, நாள் முழுக்கப் புரதத்தோடு மல்லுக்கட்டு.)

சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல். ஹைட்ரஜன் அயனி 40 நானோமோல். வகுத்தால் 35 லட்சத்தில் ஒரு பங்கு. ஆனாலும் அலட்டிக்கொள்ளக் காரணம் இருக்கிறது: ஹைட்ரஜன் அயனி போய் உட்காரும் இடம் புரதம். புரதத்தில் கார்பாக்சில் தொகுதிகள் எதிர்மின்னோடும் அமினோ தொகுதிகள் நேர்மின்னோடும் நிற்கின்றன. ஹைட்ரஜன் அயனி வந்து ஒட்டினால் கார்பாக்சிலின் எதிர்மின் போய்விடும். மின்சுமை மாறினால் எது எதை ஈர்க்கிறது, எது எதைத் தள்ளுகிறது என்பது மாறும். புரதத்தின் வடிவம் மாறும், வேலை கெடும்.

பிஜியில் பால் உறை ஊற்றுகிறீர்களா? பாலின் பிஎச் 6.6 அளவில் இருக்கும். அதில் கேசீன் புரதத் துகள்கள் எதிர்மின்னோடு ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு மிதக்கின்றன, அதனால்தான் பால் பாலாக இருக்கிறது. பாக்டீரியா லாக்டிக் அமிலத்தை உண்டாக்கி பிஎச்சை 4.6-க்கு இறக்கும்போது கேசீனின் நிகர மின்சுமை பூஜ்யம். தள்ள ஆளில்லை, எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கெட்டியாகிவிடும். அதுதான் தயிர். கேசீனில் எந்தச் சகப்பிணைப்பையும் வெட்டவில்லை, அதைச் சுற்றியுள்ள ஹைட்ரஜன் அயனியின் அளவுதான் மாறியது. (டிசம்பர் பெங்களூரில் உறைய நேரமாவது பாக்டீரியாவின் சோம்பல், கேசீன்மேல் பழி போடக்கூடாது.)

பிஎச்சைப் பற்றி எது படித்தாலும் "எந்தத் தொகுதியின் மின்சுமை மாறுகிறது?" என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். மனப்பாடம் பாதியாகக் குறையும்.

வாசு அண்ணா பக்கத்து ஊர் விஷயம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2015-இல் வர்த்தூர் ஏரி நுரை வைட்ஃபீல்ட் ரோட்டில் பறந்ததே, பெல்லந்தூரில் நுரையே தீப்பற்றியதே, ஞாபகமிருக்கும். கழிவுநீரோடு வந்து சேர்ந்த சோப்பு, டிடர்ஜென்ட் வகைகளுக்கு அந்த நுரையில் பெரிய பங்கு. அந்த மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால். தலையில் மின்சுமையோ முனைவோ இருக்கும், தண்ணீரோடு சேரும். வால் வெறும் கார்பனும் ஹைட்ரஜனும், எலக்ட்ரான் சாயாத பகுதி. நுரைப் படலத்தில் தலைகள் நடுவிலுள்ள தண்ணீர்ப் பக்கமும் வால்கள் வெளிக்காற்றுப் பக்கமும் நிற்கும். செல் சவ்வின் பாஸ்போலிப்பிடுக்கும் இதே தலை-வால் அமைப்புதான், அடுக்கு மட்டும் தலைகீழ்: உள்ளும் புறமும் தண்ணீர் இருப்பதால் வால்கள் நடுவில் ஒளிந்துகொள்ளும், தலைகள் இரண்டு பக்கமும் வெளியே நிற்கும்.

இதில் ஒரு நுணுக்கம். எண்ணெயைத் தண்ணீர் "வெறுக்கிறது" என்று சொல்வது வசதிக்குத்தான். வாலைச் சுற்றி நிற்க வேண்டிய தண்ணீர் மூலக்கூறுகள் தங்கள் ஹைட்ரஜன் பிணைப்புகளை விட்டுக்கொடுக்காமல் ஓர் ஒழுங்கில் அடைபட்டு நிற்கின்றன. வால்கள் ஒன்றுசேர்ந்தால் அந்தத் தண்ணீர் விடுதலையாகிறது. வால்களைச் சேர்த்து வைப்பதில் முக்கியப் பங்கு தண்ணீருடையது.

#14 கிருஷ்ணகிரிக்காரி

அண்ணா, தயிர் பிரமாதம். இப்போதாவது ஏடிபிக்கு வரலாமா?

#15 ஜாலஹள்ளி வாத்தியார்

வரலாம். என் நிலை ஒரே வரி: எந்தப் பிணைப்பை உடைத்தாலும் ஆற்றல் செலவாகும், எந்தப் பிணைப்பு உருவானாலும் ஆற்றல் வெளிப்படும். ஏடிபிக்குச் சலுகை கிடையாது. "பிணைப்பு உடைந்து ஆற்றல் வருகிறது" என்று எழுதிய விடைத்தாளில் நான் மதிப்பெண் போட்டதில்லை.

#16 நொதிப்பித்தன்

சார் சொல்வது சரி. ஆனால் உயிரியல் மேடம்மேல் மட்டும் பழி போட வேண்டாம். 1941-இல் உயிர்வேதியியலாளர் ஃப்ரிட்ஸ் லிப்மன் எழுதிய கட்டுரையில் "ஆற்றல் மிகுந்த பாஸ்பேட் பிணைப்பு" என்று சொல்லி, அதற்கு ஓர் அலைக்கோட்டுக் குறியும் போட்டார். அவர் சொல்ல வந்தது அந்த பாஸ்பேட்டை வேறொன்றுக்கு மாற்றிக்கொடுப்பது எவ்வளவு லாபம் என்பதை. படிப்பவர்கள் ஆற்றல் அந்தக் கோட்டுக்குள் அடைத்து வைத்திருப்பதாக எடுத்துக்கொண்டார்கள்.

நடப்பது நீராற்பகுப்பு, அதாவது தண்ணீர் சேர்ந்து மூலக்கூறு பிரிவது. பழைய பிணைப்பு உடைகிறது, அதற்குச் செலவு உண்டு. தண்ணீரோடு புதுப் பிணைப்புகள் உருவாகின்றன, அங்கே வரவு. வரவு செலவைவிட அதிகம், நிகரமாக மோலுக்கு 30.5 கிலோஜூல் கிடைக்கிறது. இது திட்ட நிலைக் கணக்கு, அதாவது பொருள்களின் செறிவைப் பொதுவான ஓர் அளவில் வைத்துப் போடுவது.

#17 வைட்ஃபீல்ட் வாசு

என் மரமண்டைக்கு ஏற்ற மாதிரி சொல்லிப் பார்க்கிறேன். பிஎம்டிசி பஸ்ஸில் இரண்டு பேர் சீட்டில் ஒருவரையொருவர் பிடிக்காத மூன்று பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் இறங்கினதும் எல்லோருக்கும் நிம்மதி. அந்த நிம்மதிதான் ஆற்றல். சரியா?

#18 நொதிப்பித்தன்

பாதி சரி, அண்ணா. மூன்று பாஸ்பேட்டுகளும் எதிர்மின்னோடு பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் ஒன்றையொன்று தள்ளுகின்றன, அதுவரை பொருந்துகிறது. இறங்கியவருக்கு வெளியே என்ன கிடைத்தது என்பது உங்கள் பஸ்ஸில் இல்லை. பிரிந்துபோன பாஸ்பேட்டில் எலக்ட்ரான்கள் இன்னும் தாராளமாகப் பரவிக்கொள்கின்றன, தண்ணீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. விளைபொருள் அதிக நிலைத்தன்மை பெறுவதும் கணக்கில் சேர வேண்டும்.

அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு, இதைப் பலர் சொல்வதில்லை. செல்லுக்குள் ஏடிபியின் அளவு ஏடிபி-ஏடிபி-பாஸ்பேட் சமநிலையில்... மன்னிக்கவும், தமிழில் அடித்தால் இரண்டும் ஒரே மாதிரி விழுகிறது. மூன்று பாஸ்பேட் உள்ளதை ட்ரை என்றும் இரண்டு உள்ளதை டை என்றும் வைத்துக்கொள்வோம். சமநிலைக்கு விட்டுவிட்டால் ட்ரை ஏறக்குறைய முழுக்க டை ஆகிவிடும். செல் சாப்பாட்டை எரித்து ட்ரையை எப்போதும் மிகுதியாகவே வைத்திருக்கிறது. அதனால்தான் செல்லுக்குள் 30.5-க்குப் பதில் 50 கிலோஜூல் அளவுக்குக் கிடைக்கிறது. சமநிலைக்கு வந்துவிட்ட கலவையிலும் மிஞ்சியிருக்கும் ட்ரையில் அதே பிணைப்பு உண்டு. அதைக் கொண்டு ஒரு வேலையும் நடக்காது. ஆற்றல் பிணைப்புக்குள் இருந்தால் இப்படி ஆகுமா?

வெறுமனே நீராற்பகுத்தால் கிடைப்பது வெப்பம் மட்டும். செல் அப்படி வீணடிப்பதில்லை. ஹெக்சோகைனேஸ் நொதி பாஸ்பேட்டைத் தண்ணீரிடம் கொடுக்காமல் குளுக்கோஸிடம் கொடுக்கிறது.

#19 ஜாலஹள்ளி வாத்தியார்

இதை ஒத்துக்கொள்கிறேன். அந்த அலைக்கோட்டைப் புத்தகங்களிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்பதில் மாற்றமில்லை.

#20 அல்சூர் சுந்தரி

நீங்கள் இருவரும் எடுங்கள், வையுங்கள். தங்கச்சிக்கு இன்டர்னல் இருக்கிறது. "ஏடிபி நீராற்பகுக்கப்படும்போது ஆற்றல் வெளிப்படுகிறது" என்று எழுதிவிடு. உயிரியல் மேடமும் டிக் போடுவார், சாரும் டிக் போடுவார்.

#21 கிருஷ்ணகிரிக்காரி

அப்படியே எழுதிவிடுகிறேன் அக்கா. ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் பற்றி யாரும் சொல்லவில்லையே? சுவாசித்தல் பாடம் முழுக்க அதுதான். பல வினைகளில் ஆக்சிஜனே இல்லை, ஆனாலும் ஆக்சிஜனேற்றம் என்கிறார்கள். புத்தகம் எங்கே கிடைக்கும் என்றும் சொல்லுங்கள்.

#22 ஜாலஹள்ளி வாத்தியார்

எலக்ட்ரானை இழப்பது ஆக்சிஜனேற்றம், பெறுவது ஒடுக்கம். கரிமச் சேர்மங்களில் ஹைட்ரஜனை எண்ணினாலே பெரும்பாலும் தெரிந்துவிடும்: ஹைட்ரஜன் போனால் ஆக்சிஜனேற்றம். குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்கள் படிப்படியாக இறங்கி, கடைசியில் ஆக்சிஜனிடம் போய்த் தண்ணீராகின்றன. 3.44 என்று ஓர் எண் சொன்னேனே, ஆக்சிஜன் கடைசிப் படியில் நிற்பதற்கும் அந்த இழுக்கும் குணம்தான் காரணம். இதற்குமேல் இப்போது வேண்டாம்.

தமிழ்நாடு பாடநூல் கழகத் தளத்தில் ப்ளஸ் ஒன் வேதியியல் தமிழிலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் வேண்டுமானால் அவென்யூ ரோட்டில் பழைய புத்தகக் கடைகளில் தேடுங்கள். பேரம் பேசாமல் வாங்காதீர்கள்.

#23 நொதிப்பித்தன்

பெங்களூரில் இருப்பதால் ஒரு பெயரைச் சொல்லாமல் போக மனமில்லை. ஜி.என். ராமச்சந்திரன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, 1950களின் நடுவில் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதம் மூன்று இழை முறுக்கு என்று கண்டவர். 1970களில் இங்கே இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து மூலக்கூறு உயிர் இயற்பியல் துறையைத் தொடங்கினார்.

கொலாஜனில் மூன்றுக்கு ஒன்று கிளைசீன் என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். ஏன் கிளைசீன்? மூன்று இழைகளும் நடுவில் நெருங்கும் இடத்தில் ஒரு ஹைட்ரஜன் அணுவுக்குத்தான் இடம் இருக்கிறது. பக்கத்தொகுதியாக வெறும் ஹைட்ரஜன் உள்ள அமினோ அமிலம் கிளைசீன் ஒன்றே. அந்த ஓர் இடத்தில் வேறு அமினோ அமிலம் வந்துவிட்டால் முறுக்கு கெடும். எலும்பு சட்டென்று முறியும் பரம்பரை நோய் ஒன்று பல பேருக்கு இப்படித்தான் வருகிறது.

1963-இல் அவரும் ராமகிருஷ்ணனும் சசிசேகரனும் போட்ட வரைபடத்துக்கும் அடிப்படை எளிமையானதுதான். பிணைப்பில்லாத இரண்டு அணுக்கள் ஓர் அளவுக்குமேல் நெருங்க முடியாது. அதை மட்டும் வைத்து, புரதச் சங்கிலி எந்தெந்தக் கோணங்களில் திரும்ப முடியும், எவற்றில் முடியாது என்று பிரித்தார்கள். இன்றும் யாராவது புரத அமைப்பு ஒன்றை வெளியிட்டால் அந்த வரைபடத்தில் வைத்துச் சரிபார்க்கிறார்கள்.

#24 வைட்ஃபீல்ட் வாசு

கடைசிக் கேள்வி, சத்தியமாக. ராகி முத்தே (களி) சாப்பிட்டால் செரிக்கிறது. ராகித் தாளை மாடு மட்டும்தான் சாப்பிடுகிறது. இரண்டும் குளுக்கோஸ்தான் என்கிறான் என் பையன். அப்புறம் என்ன வித்தியாசம்?

#25 நொதிப்பித்தன்

பையன் சொல்வது சரிதான். குளுக்கோஸ் வளையத்தில் முதல் கார்பனில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதி கீழே பார்த்தால் ஆல்ஃபா, மேலே பார்த்தால் பீட்டா. ஆல்ஃபாவாகக் கோத்தால் ஸ்டார்ச், சுருளாக வளையும், நம் அமைலேஸ் வெட்டிவிடும். பீட்டாவாகக் கோத்தால் செல்லுலோஸ், நேராக நீளும். பக்கத்துப் பக்கத்து இழைகள் ஹைட்ரஜன் பிணைப்பால் கட்டிக்கொள்ளும். நம் நொதி எதற்கும் அந்தப் பீட்டா இணைப்பை வெட்டத் தெரியாது. மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிரிகளுக்குத் தெரியும்.

#26 கிருஷ்ணகிரிக்காரி

அப்படியென்றால் பாலில் இருக்கும் லாக்டோஸிலும் பீட்டா இணைப்புதானே, அதை மட்டும் எப்படிச் செரிக்கிறோம்? சிலருக்கு ஏன் பால் ஒத்துக்கொள்வதில்லை?

#27 நடத்துநர்

செரிமானக் கேள்விகள் பெருகுவதால் #24 முதலான பதிவுகளுக்குத் தனி இழை திறந்திருக்கிறேன். லாக்டோஸ் பதிலை அங்கே எழுதுங்கள். ஏடிபி சண்டையை யாரும் அங்கே கொண்டுவர வேண்டாம்.